மார்கிறட்டின் போத்தல்

கிளிநொச்சியில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தின் பின்னறையில் சாரங்கா பத்து வருடமாக நுணுக்குக்காட்டிக்குள் குனிந்திருக்கிறாள். மார்புப் புற்றுநோய்க் கலங்களின் மேற்பரப்பில் அவற்றை வளரத் தூண்டும் ஏற்பிகள் மிதமிஞ்சி இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. இருந்தால், சாயம் போட்டதும் ஒவ்வொரு கலத்தையும் சுற்றி வேலி அடைத்தமாதிரி மண்ணிறக் கோடு தெரியும். அந்த ஏற்பியைப் பிடித்து அடக்கும் மருந்து ஒன்று உண்டு. கோடு இல்லாதவருக்கு அதைக் கொடுக்கமாட்டார்கள். அதே நோய் வந்த அவள் அம்மாவுக்கும் கொடுக்கவில்லை, அறிக்கையில் ‘இல்லை’ என்று வந்திருந்தது. அம்மா போய் ஆறு வருடம். வாடகை அறையில் இப்போது சாரங்காவுக்குப் பேச்சுத்துணை வானொலிதான்.

கிறிஸ்தோப்பர் முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் வந்தார். மனைவி மார்கிறட்டின் மார்பில் வெட்டியெடுத்த துண்டை ஆஸ்பத்திரியில், தசை கெடாமல் காக்கும் போமலின் ஊற்றிய போத்தலில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவர் நீட்டியது மீன் பெட்டி. திறந்தால் ஐசுக்குள் போத்தல், போத்தலுக்குள்ளும் ஐஸ்.

“இதுக்குள்ளை இருந்த மருந்துத்தண்ணி எங்கை, அண்ணை?”

“அது கண்ணை எரிச்சுது, தங்கச்சி. நேற்றே ஊத்திப்போட்டன். பழுதாகாமல் இருக்க ஐஸ்தானே போடவேணும்?”

நாற்பது வருடம் கடலோடு மல்லுக்கட்டிய மனிதருக்கு ஐசைப்பற்றி யார் பாடம் எடுப்பது! திட்ட வாயெடுத்தவள், பெட்டியைப் பிடித்தே விறைத்துப்போன அவர் விரல்களைக் கண்டு அடங்கிவிட்டாள்.

சாயம் போட்டுப் பார்த்தாள். கோடு இல்லை. உண்மையிலேயே இல்லையா, ஐஸ் கெடுத்துவிட்டதா? ‘இல்லை’ என்று எழுதினால் வேலை முடிந்தது. ஏனென்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. அம்மாவின் அறிக்கையை அவளே கேட்கவில்லையே. அம்மாவின் போத்தல் எந்த வெயிலில் எத்தனை நாள் கிடந்ததோ? கேட்கத் தெரிந்தவள் கேட்காமல் இருந்துவிட்டாள். அந்தக் குற்றம் அவளை இன்றுவரை அரிக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தாள். சத்திரசிகிச்சைக்கு முன்னர் ஊசியால் எடுத்த துணுக்கு மெழுகில் பத்திரமாக இருந்தது. நாலுதரம் நச்சரித்து வாங்கி, சீவி, சாயம் போட்டாள். ஒரு கலம் விடாமல் மண்ணிறக் கோடு.

மருந்து தொடங்கிய அன்று கிறிஸ்தோப்பர் போனில் அழுதார்.

“டொக்டர் எல்லாம் சொன்னவர், தங்கச்சி. என்ரை பிழையாலை மார்கிறட்டுக்கு மருந்தில்லாமல் போகப் பாத்தது. வீட்டை போய் உங்கடை அம்மாவிட்டைச் சொல்லுங்கோ, நல்ல பிள்ளை பெத்தனீங்கள் எண்டு.”

“ஓம் அண்ணை. சொல்லுறன்.”

அன்று அறையில் அவள் வானொலியைப் போடவில்லை. அம்மாவின் படத்துக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு, மார்கிறட்டின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மாவின் போத்தலுக்கு வந்தபோது எழுந்துபோய் வானொலியைப் போட்டாள்.