அங்கிள் பிடித்த சால்மன்

இன்று மதியம், இங்கே அமெரிக்காவில், பிளசன்டனில் ஒரு அங்கிள் வீட்டில் சாப்பாடு. அலாஸ்காவுக்குப் போய் அவரே தூண்டில் போட்டுப் பிடித்த சால்மன்.

"ஆறு மணி நேரம் ஐஸ் தண்ணில நின்னேன் தம்பி. எல்லாராலயும் முடியாது" என்றார்.

மீன் முழுசாக ஐஸ் பெட்டியில் கிடந்தது. வெட்ட யாருக்கும் தெரியவில்லை. அங்கிள் கத்தியோடு படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் நான் வாங்கிக்கொண்டேன். செதில், செவுள், துடுப்பு எல்லாம் எடுத்து, ஒரே அளவில் துண்டு போட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"கை இப்படிப் பழகியிருக்கே! அப்பா என்னப்பா பண்றாரு?" என்றார் ஆன்ட்டி.

"எக்ஸ்போர்ட் பிசினஸ்" என்றேன்.

"அப்பாடா" என்றார் அங்கிள். "மீன்காரப் பையனை கிச்சனுக்குள்ள விட்டுட்டோமோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குழம்பை இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

என் அப்பா நாகப்பட்டினத்தில் மீன் பிடிக்கக் கடலுக்குப் போகிறவர். அவர் பிடிக்கும் இறால் எக்ஸ்போர்ட் ஆகிறது. நான் சொன்னதில் அவ்வளவுதான் உண்மை. அங்கிள் காசு செலவழித்து மீன் பிடித்தால் ஹாபி. அப்பா வயிற்றுக்காகப் பிடித்தால் சாதி.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பா கூப்பிடும் போனை எடுக்க முடியவில்லை.

அந்த அங்கிளும் என் ஃபிரெண்ட் லிஸ்டில் இருக்கிறார். அங்கிள், நான் மீன்காரப் பையன்தான். அடுத்த வருஷமும் சால்மன் வெட்டக் கூப்பிடுவீர்களா? கமெண்டில் சொல்லுங்கள், எல்லோரும் பார்க்கட்டும்.