எதிரி வீட்டுக்கும் பதில் எழுதிய எங்கள் அக்காள்

எங்கள் அக்காள் காலமாகி இந்த ஆடியோடு ஒரு வருஷம் நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு அவரைப் பள்ளிக்கூடத்து டீச்சராகத் தெரியும். கடையநல்லூரிலிருந்து வந்திருப்பவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவராகத் தெரியும். உடன்பிறந்தவன் என்ற முறையில் நான் அறிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

தென்காசியில் கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்குத் தெற்கே இரண்டாவது தெருவில் அக்காள் பிறந்தார். அப்பா சிறு வயதிலேயே தவறிவிட்டார். அம்மா முறுக்கு சுட்டு விற்று எங்கள் இருவரையும் வளர்த்தார். பாளையங்கோட்டையில் தங்கிப் படித்துப் பயிற்சி முடித்து வந்த அக்காள், ஊரிலேயே பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்துவிட்டுத்தான் கல்யாணம் என்று நின்றார். பேசியவர்கள் பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அத்தானுக்குக் குற்றாலம். பட்டாளத்தில் குமாஸ்தாவாக இருந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிவதற்குள் அவருடைய படை சிங்கப்பூருக்குக் கப்பலேறியது. சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்த பிறகு கடிதம் நின்றுபோயிற்று. ராணுவ அலுவலகத்தைக் கேட்டால், “தகவல் இல்லை” என்ற ஒரே பதில்.

ஒரு வருஷம் சென்றபின் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தியை அக்காள் பார்த்தார். சுவிட்சர்லாந்து இந்த யுத்தத்தில் யார் பக்கமும் சேரவில்லை. அங்கே ஜெனீவா நகரில் ஒரு நிலையம் இரு தரப்புக் கைதிகளின் பெயர்களையும் சேகரித்து, வீட்டாருக்குச் செய்தி அனுப்புகிறது என்று அதில் இருந்தது. நம் திருநெல்வேலி ஜில்லாவைப் போல நான்கு மடங்கு இருக்கும், அவ்வளவு சிறிய நாடு. அக்காள் அன்றே எழுதிப் போட்டார். ஐந்து மாதம் கழித்து விண்ணப்பத் தாள்கள் வந்தன. செய்தி இருபத்தைந்து சொல்லுக்கு மேல் போகக்கூடாது.

விஷயம் பரவியது. கடையநல்லூர் நெசவுத் தெருக்களிலிருந்து சிங்கப்பூருக்குப் போனவர்கள் அநேகம். அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு தாயார் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

“எம்புள்ளைட்ட சொல்ல ஆயிரம் கெடக்கு டீச்சரம்மா. இருவத்தஞ்சுக்குள்ள என்னத்தச் சொல்ல?”

“நீங்க முழுசாச் சொல்லுங்க உம்மா. எதை விடணும்னு நாம ரெண்டு பேரும் சேந்து பாப்போம்” என்றார் அக்காள். அன்று சாயங்காலம் வரை ஒரே ஒரு தாள்தான் எழுதி முடிந்தது.

சிலருக்குப் பதில் வந்தது; பலருக்கு வரவில்லை. அக்காளுக்கு யுத்தம் முடிந்த பிறகு வந்தது. அத்தான் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே ஒரு தீவிலிருந்த கைதி முகாமில் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று இருந்தது. அக்காளே வாசித்து, அம்மாவுக்குத் தமிழில் சொன்னார். காரியங்கள் முடிந்ததும் பள்ளிக்கூடம் திரும்பினார்.

அதே முகாமிலிருந்து உயிரோடு வந்தவர் கடையநல்லூர் காதர் அண்ணாச்சி. படையில் சமையல்காரராக இருந்தவர். அத்தானை அடக்கம் செய்தவர்களில் அவரும் ஒருவர். அங்கே இறந்தவர்களின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அக்காள் எழுதி ஜெனீவாவுக்கு அனுப்பினார். அதனால் பல வீடுகளுக்கு முடிவான செய்தி கிடைத்தது.

மறு வருஷம் ஜெனீவாவிலிருந்து வேறு மாதிரி ஒரு கடிதம் வந்தது. அந்த முகாமில் காவலுக்கு இருந்த ஒரு ஜப்பானியச் சிப்பாயைத் தேடி அவன் தாயார் விசாரிக்கிறார். இடது கையில் இரண்டு விரல் இல்லாதவன். தகவல் தெரிந்தால் எழுத முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் அக்காள் என்னையும் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனார். சீசனுக்கு அங்கே ஒரு பங்களாவில் காதர் அண்ணாச்சி சமையல் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல சாரல். அடுப்படி வாசலில் நின்றபடியே அக்காள் விஷயத்தைச் சொன்னார். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“அவனயா? நல்லாத் தெரியும். ஒங்க வீட்டுக்காரரக் காய்ச்சலோட வேலைக்கு வெரட்டுன கூட்டத்துல அவனும் ஒருத்தன். அவனுக்கா நாம எழுதணும்?”

“அவனுக்கு இல்ல அண்ணாச்சி. அவன் அம்மாவுக்கு. எனக்குப் பதில் வந்துச்சுல்லா? ஜப்பான்காரன் குடுத்த பேர ஜெனீவாக்காரங்க வாங்கி அனுப்புனதாலதான வந்துச்சு? நம்ம பக்கத்துல வாயை மூடிக்கிட்டா, அவங்க எதைக் கொண்டு போயிக் குடுப்பாங்க?”

அவர் அடுப்பைத் தணித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“செத்துப்போயிட்டான். கடேசில அவனுக்கும் அதே காய்ச்சல்தான். மருந்து அவங்களுக்கும் இல்ல. எங்கிட்ட தண்ணி கேட்டான், டீச்சரம்மா. நான் குடுக்கல.”

அக்காள் அடுப்படிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததை அன்றுதான் நான் பார்த்தேன். யாருக்காக அழுதார் என்று நான் கேட்கவில்லை.

“இதையும் எழுதுதீங்களா?” என்று காதர் அண்ணாச்சி கேட்டார்.

“எங்க பொதைச்சாங்க, என்ன நோவுன்னுதான் அந்தம்மாவுக்குத் தெரியணும். அத மட்டும் எழுதுதேன்” என்றார் அக்காள்.

கடற்கரைத் தென்னந்தோப்பு, காய்ச்சல், மழைக்காலத்தின் தொடக்கம். அண்ணாச்சி சொல்ல, இவ்வளவுதான் எழுதினார். தம் கணவரும் அதே தோப்பில்தான் இருக்கிறார் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார். தபாலில் போடுமுன் என்னிடம் வாசித்துக் காட்டினார்.

போன வருஷம் மஞ்சள் காமாலை கண்டு பதினெட்டு நாள் படுத்திருந்தார். நினைவு தவறாமலே போனார். வீட்டுக்கே வந்து வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், முறை வைத்து உடனிருந்த பள்ளிக்கூடத்து ஆசிரியைகளுக்கும், கஞ்சி கொண்டுவந்த தெருவாருக்கும், அத்தான் வீட்டாருக்கும், பாடைக்கு முன்னே நடந்து வந்த கடையநல்லூர்க்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஜெனீவாவில் முகம் தெரியாமல் இருந்து, எங்கள் காகிதங்களைக் கவனமாகக் கையாண்டவர்களுக்கும் வணக்கம்.

தண்ணீர் விஷயத்தை இதில் எழுதலாமா என்று காதர் அண்ணாச்சியிடம் கேட்டேன். “எழுதுங்க தம்பி. மறைச்சு வச்சுப் பாத்துட்டேன், முடியல” என்றார். ஜப்பானிலிருந்து இன்றுவரை பதில் இல்லை. தென்காசிச் சந்தைக்கு வரும்போதெல்லாம் அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, “அந்தம்மா காயிதம் போட்டாளா?” என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.