ஆச்சிமார் கவிழ்த்துப் பார்த்த உலகம்

புது எவர்சில்வர் பாத்திரத்தைத் தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டும்... பாலிஷ் போட்ட மிச்சம். அதற்கென்று ஒரு வாசனை உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குச் சோறு போட்ட வாசனை அதுதான்.

காரைக்குடியில் அப்போதுதான் பாத்திரக் கடை போட்டிருந்தேன். அப்பாவுக்குத் தச்சு வேலை. எனக்கு உளி படியவில்லை, தராசு படிந்தது.

எங்கள் பக்கத்துப் பெரிய வீட்டுக் கல்யாணங்களில் ஒரு வழக்கம். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான் அத்தனையையும் வீட்டுக்குள் பரப்பி வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆச்சிமார் வந்து சுற்றிப் பார்ப்பார்கள். சும்மா பார்க்க மாட்டார்கள்... ஒவ்வொன்றாக எடுத்து, கவிழ்த்து, அடியில் எந்த நாட்டு முத்திரை என்று பார்ப்பார்கள்.

உலகத்தில் எவன் பெரியவன், எவன் சின்னவன் என்பதை நான் பேப்பரில் படிக்கவில்லை. பாத்திரத்தின் அடியில் படித்தேன்.

சுவீடன் எனாமல், ஜெர்மன் விளக்கு, இங்கிலாந்துப் பீங்கான்... இதெல்லாம் முன்வரிசை. ஜப்பான் என்றால் கொஞ்சம் இளக்காரம், பின்வரிசை. இந்தியா என்றால் நேராக அடுப்படிக்கு. பரப்புக்கே வராது!

நான் கடை போடுவதற்குள் காலம் மாறியிருந்தது. பர்மாவில் கடை கண்ணியையெல்லாம் அந்த நாட்டு அரசாங்கமே எடுத்துக்கொண்டது. எங்கள் பக்கத்திலிருந்து அங்கே தொழில் செய்ய ராஜா மாதிரிப் போனவர்கள் கைப்பெட்டியோடு கப்பல் ஏறி வந்தார்கள். இங்கேயோ இறக்குமதிக் கட்டுப்பாட்டில் வெளிநாட்டுச் சாமான் வருவதும் அருகிப்போயிற்று.

அப்படித் திரும்பி வந்த குடும்பம் மீனாட்சி ஆச்சியுடையது. மகள் கல்யாணத்துக்கு முன்னால் கடைக்கு வந்தார்.

"எதைத் தம்பி பரப்புறது? எல்லாம் ரங்கூனோட போச்சே."

"எவர்சில்வரைப் பரப்புங்க ஆச்சி. முழுக்க. மெட்ராஸ்ல அடிச்சது."

"சிரிக்கப் போறாக."

"சிரிச்சாகன்னா அம்புட்டையும் நானே திருப்பி எடுத்துக்கிறேன்."

வாய் சொல்லிவிட்டது. ராத்திரி தூக்கம் வரவில்லை. என் முதல் முழுக்க அந்தப் பரப்பில்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மூக்கைச் சுளித்தால், அப்புறம் எந்த ஆச்சியும் என் கடைப்படி ஏற மாட்டார். மீனாட்சி ஆச்சியின் மானமும் அதோடு போகும்.

கல்யாணத்தன்று காலை வளவு, அதாவது வீட்டு உள்முற்றம், முழுக்கப் பாத்திரம். தூண்களுக்கு நடுவே வெயில் விழுந்து கண்ணைப் பறித்தது. பெண்ணின் தாய்மாமன், அவர்கள் பேச்சில் அம்மான், ரங்கூனிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த சுவீடன் எனாமல் டிபன் கேரியர் ஒன்றை எல்லாவற்றுக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தார்.

"இது ஒண்ணாவது கவுரவமா இருக்கட்டும்," என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மாப்பிள்ளையின் தாயார் கண்டரமாணிக்கத்து ஆச்சி. வந்தார். குனிந்தார். ஒரு தூக்குவாளியைக் கவிழ்த்தார்.

"இதென்ன, இந்தியான்னுல்ல போட்டிருக்கு?"

இன்னொன்று. அதுவும் இந்தியா. இன்னொன்று... மீனாட்சி ஆச்சி தலை நிமிரவில்லை.

"நான் அப்பவே சொன்னேன் ஆச்சி," என்றார் அம்மான். "ஆசாரி மகன் பேச்சைக் கேட்டாக. தகடே ஜப்பான்காரன் குடுத்தாத்தான் இவுக அடிப்பாக!"

உண்மைதான். அன்று அந்தத் தகடு வெளியிலிருந்துதான் வந்தது. வியாபாரி பொய் சொன்னால் ஒரு நாள் யாவாரம், உண்மை சொன்னால் ஆயுசுக்கும் யாவாரம்.

"தகடு அவுகளுதுதான்யா. இன்னிக்கு அடிக்கக் கத்துக்கிட்டோம், நாளைக்குத் தகட்டையும் நாமளே போடுவோம்," என்றேன்.

பிறகு என்ன தோன்றியதோ... பரப்பிலிருந்த எவர்சில்வர் கேரியர் ஒன்றைக் கையில் எடுத்தேன்.

"கோவிச்சுக்காதீக ஆச்சி."

தலைக்கு மேல் தூக்கி, தரையில் போட்டேன்.

கணகணவென்று வீடே அதிர்ந்தது! அடுக்குகள் நாலாபக்கமும் ஓட, மூடி மட்டும் உருண்டு உருண்டு போய்க் கண்டரமாணிக்கத்து ஆச்சியின் காலடியில் சுற்றி விழுந்தது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓரத்துல நெளிஞ்சிருச்சே."

"ஒரு தட்டுத் தட்டினா சரியாப் போகும் ஆச்சி."

"ம்..." என்றவர் அம்மான் பக்கம் திரும்பினார். "எங்கே, அந்தச் சுவீடனையும் போடுங்க பாப்போம்."

அம்மான் பாய்ந்து போய் எனாமல் கேரியரை எடுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டார்.

"ஆத்தாடி! இதைப் போடுறதாவது! சில்லுச் சில்லாப் பேந்துரும்!"

ஆச்சி சிரித்துவிட்டார். "எம் மருமக சாமானைப் புழங்கணுமா, இல்ல உங்களை மாதிரி இடுப்புல வச்சு வளக்கணுமா?"

வளவே சிரித்தது. மீனாட்சி ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அந்த இந்தியாவை எடுத்து முன்னால வைங்க," என்றார் கண்டரமாணிக்கத்து ஆச்சி.

அவ்வளவுதான் நண்பர்களே. அடுத்த முகூர்த்தத்துக்கு நாட்டரசன்கோட்டையிலிருந்து கார் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். மானகிரியிலிருந்து வந்தார்கள். பின்னால் ஒரு நாள் அந்த அம்மானே தன் மகள் கல்யாணத்துக்கு வந்து நின்றார். "எதையும் கீழ போட்டுக் காட்டாதப்பா, நம்புறேன்," என்றார்!

நான் சொன்ன அந்த நாளையும் பார்த்தேன். சேலத்து உருக்காலையில் தகடே போட ஆரம்பித்தார்கள். இளக்காரமாக இருந்த ஜப்பான் முன்வரிசைக்கு வந்ததையும் பார்த்தேன். லண்டனில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு கடையில் எவர்சில்வர் கிண்ணத்தைப் பழக்கதோஷத்தில் கவிழ்த்தேன்... இந்தியா. அங்கேயே நின்று சிரித்தேன். கடைக்காரப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியும்? காட்டிச் சிரிக்க அந்த ஆச்சியும் இல்லை, அம்மானும் இல்லை.

போன வாரம் பேத்தி புது போன் வாங்கி வந்தாள். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். இந்தியா.

"உள்ள பாதி பார்ட்ஸ் வெளிநாடு தாத்தா," என்றாள்.

தகடும் அப்படித்தானே ஆரம்பித்தது!

"சரி, கீழ போட்டுக் காட்டு பாப்போம்."

"ஐயோ தாத்தா!" என்று போனை நெஞ்சோடு கட்டிக்கொண்டாள்.

அப்படியே அந்த அம்மான் நின்ற நிற்பு. என்ன... அவர் கட்டிக்கொண்டு நின்றது சுவீடனை. இவள் கட்டிக்கொண்டு நிற்பது நம் சரக்கை.