நேராகக் கிடக்கும் கருவாடு

என் மேஜையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கருவாடு, ஆணி போல நேராக. தூத்துக்குடிக்காரனுக்குக் கருவாட்டின் மேல் அப்படி என்ன பக்தி என்று வருகிறவர்கள் கேலி செய்கிறார்கள். இது ஜப்பானிலிருந்து வந்தது என்றால் நம்புவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவில், மில்பிடாஸில், கேமராவால் பார்த்துப் பொருள்களைத் தரம் பிரிக்கும் இயந்திரம் செய்கிற சிறு கம்பெனியில் இருந்தேன். நாங்கள் பிரித்ததெல்லாம் திருகாணிதான். அங்கே ஒரு நாள் ஜப்பானிய ஆலைக்காரர் ஒருவர் பெட்டி நிறைய நெத்திலி மாதிரியான காய்ந்த மீனோடு வந்து இறங்கினார். அவர்களுடைய சூப்புக்கெல்லாம் ருசி தருவது அந்த மீன் வெந்த தண்ணீர்தான். ஆனால் வீடுகளில் பொடிப் பாக்கெட் புகுந்துவிட்டது. இன்னும் முழு மீன் வாங்குகிறவர்கள், தரம் குறைந்தது ஒன்றுகூடக் கலந்திருக்கக் கூடாது என்கிறார்கள். அவர் ஆலையில் பிரித்தெடுக்க மிஞ்சியிருந்தது அவர் மனைவி மட்டும். எங்கள் இயந்திரம் கைகொடுக்காவிட்டால் அந்தக் குளிர்காலத்தோடு ஆலையை மூடுவதாக இருந்தார்.

பெட்டியைத் திறந்ததும் எனக்கு எச்சில் ஊறியது. சென்னைக்காரரான டீம் லீடர், சுத்த சைவம், கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னப்பா இது, இப்படி ஸ்மெல் பண்ணுது! ஸ்ட்ரெய்ட்டா இருக்கறதை எடுத்துக்கோ, பெண்ட் ஆனதெல்லாம் ரிஜெக்ட் பண்ணிடு. சிம்பிள்." எனக்கும் சரியென்றுதான் பட்டது. திருகாணிக்கு அதுதானே விதி.

சோதனை ஓட்டத்தில் நேரான மீன் தட்டிலும் வளைந்த மீன் குப்பைக் கூடையிலும் விழுந்தன. ஆலைக்காரர் முகம் தொங்கிப்போயிற்று. கோட்டை எடுத்து மாட்டினார். போகிற போக்கில் கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். குப்பையிலிருந்து ஏன் எடுக்கிறார்? எனக்கு ஆவல் தாங்கவில்லை. கூடையிலிருந்து ஒன்று, தட்டிலிருந்து ஒன்று எடுத்துக் கடித்தேன். கூடை மீன் தித்தித்தது. தட்டு மீன் கசந்தது.

"வொய்?" என்றேன். அவர் ஒரு கையை மீனாக நீட்டி, கொதிக்கும் தண்ணீரில் போடுவதுபோல் காட்டினார். விரல்கள் விறுக்கென்று வளைந்தன. பிடித்த உடனே வெந்நீருக்குப் போகும் மீன் வளையும். பிடித்து நேரமானது அப்படியே நீட்டிக் கிடக்கும். எங்கள் ஊரில் நெத்திலியை அவிப்பதில்லை, மணலில் காய்வதோடு சரி. எனக்கு எங்கே தெரியும்?

டீம் லீடர் கர்ச்சீப்பை எடுத்துவிட்டுச் சிரித்தார். "அடப்பாவி, அப்ப ரூலையே உல்டா பண்ணணுமா!" திருப்பிப் போட்டோம். ஆலைக்காரர் கோட்டைக் கழற்றினார்.

மறு வருஷம் அவரிடமிருந்து பார்சல் வந்தது. பாக்கெட்டில் அத்தனையும் வளைந்த மீன். தனியாகக் காகிதத்தில் சுற்றி, நேராக ஒன்று. குழம்பிப்போய் போன் செய்தேன். ஆலை ஓடுகிறது என்றார். அந்த ஒன்று? அவர் சிரித்தார், பின்னால் ஒரு பெண்ணும் சிரிப்பது கேட்டது.

"மெஷின் மிஸ். மை ஒய்ஃப், நோ மிஸ்!"

இங்கே ஜப்பானியக் கடையில் இப்போது பொடிக்குத்தான் பெரிய அலமாரி. அவர் ஆலைப் பாக்கெட் அடித்தட்டில் ஒரு மூலையில் இருக்கும். வாங்கி வந்ததும் தட்டில் கொட்டி, நேரான மீன் இருக்கிறதா என்று தேடுகிறேன். இன்றுவரை ஒன்றுகூடச் சிக்கவில்லை. குப்பிக்குத் துணை கிடைக்காததில் எனக்கு ஏக சந்தோஷம். அந்த அம்மாள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.