தவளைக் காரின் இரண்டாவது இருக்கை

அந்தக் காரின் இடப்பக்கக் கதவில் தாழ்ப்பாள் பிடிக்காது. கழிவுப் பட்டு நூலை முறுக்கித் திரித்த ஒரு கயிற்றால் அதை உள்ளேயிருந்து கட்டிக்கொள்ள வேண்டும். பசுவின் வயிற்றில் கன்று புரண்டு கிடந்தபோது காரின் சொந்தக்காரர் வந்து காப்பாற்றியதற்காக, எங்கள் தெரு நெசவாளர் ஒருவர் திரித்துக் கொடுத்த கயிறு அது. கார் பாசிப்பச்சை, கயிறு கத்தரிப்பூ நிறம். இரண்டே இருக்கை, மேலே கித்தான் கூரை, நீளமான மூக்கு, தரையை உரசுகிற வயிறு. பந்தயத்துக்கென்றே செய்த அந்தச் சீமை வண்டியை ஆரணியில் எல்லோரும் தவளைக் கார் என்றார்கள். அதை வெயிலிலும் மழையிலும் வருஷம் முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் ஊர் மாட்டு டாக்டர்.

அவர் ஆடம்பரக்காரர் இல்லை. எழுபதுகளில் புதுக் கார் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மதராஸில் கம்பெனி உத்தியோகம் பார்த்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது இதை விற்றுவிட்டுப் போயிருக்கிறார். குடும்பமே ஏற முடியாத காரை யார் வாங்குவார்கள்? அதனால் மலிவாகக் கிடைத்தது. ஆனால் டாக்டர் அதை விடாமல் வைத்திருந்ததற்கு வேறு காரணம் உண்டு. அவர் பரம்பரையாக இந்தப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். படவேட்டிலோ தேவிகாபுரத்திலோ மாடு பார்த்து முடித்து பஸ்ஸுக்குக் காத்திருந்தால் அன்று ராப்பட்டினிதான். இந்த வண்டி இருந்தால், மேற்கே சூரியன் மலையைத் தொடும்போது புறப்பட்டாலும் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டில் இலைமுன் உட்கார்ந்துவிடலாம். ஊரில் அதை வைத்துக் கேலி செய்வார்கள். "டாக்டர் சூரியனோட ரேஸ் உட்டுகினு வராரு, ஓரம் போங்க" என்பார்கள். அந்தக் காரின் சத்தம் கேட்டதும் எங்கள் தெருப் பெண்கள் விளக்குக்குத் திரி போட எழுந்துவிடுவார்கள்.

நான் அப்போது பெண்கள் பள்ளியில் ஆசிரியை. காலையில் பள்ளிக்கு நடக்கும்போது தினமும் அந்த வண்டி எதிரே வரும். சித்திரையில் இருக்கை கொதிக்குமாம், ஈரத் துண்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருப்பார். ஐப்பசி மழையில் கூரையின் கிழிசல் வழியாகத் தண்ணீர் ஒழுக, பக்கத்து இருக்கையில் யாராவது இருந்தால் அவர் குடை பிடித்திருப்பார். பெரும்பாலும் அந்த இருக்கையில் மனிதர் இருக்கமாட்டார்கள். சினை ஊசிப் பெட்டி இருக்கும், சாக்கில் சுற்றிய ஆட்டுக்குட்டி இருக்கும். ஒருமுறை ஒரு கன்றுக்குட்டி, கட்சித் தலைவரைப் போல நிமிர்ந்து இருபுறமும் பார்த்துக்கொண்டே கடைத்தெருவைக் கடந்ததை நானே பார்த்தேன். அந்த வண்டிக்கு ஒரே ஒரு எதிரிதான். தை, மாசியில் எங்கள் பக்கத்தில் கொள்ளுச் செடியை அறுத்துத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். லாரியும் பஸ்ஸும் ஏறிப் போனால் தானே மணி உதிரும். மற்ற வண்டிகள் ஏறி மிதித்துவிட்டுப் போகும். தவளைக் காரின் வயிற்றிலோ கொடி சுற்றிக்கொள்ளும், எஞ்சின் சூட்டில் புகையும். அதனால் அவர் தூரத்திலேயே ஹாரன் அடிப்பார், களத்துக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கார் போகும் அளவுக்கு வழி ஒதுக்கிக் கொடுப்பார்கள்.

அப்படி ஒரு மாசி மாதத்தில்தான் அது நடந்தது. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. கணவருக்குச் செய்யாற்றில் வேலை, அன்று ஊரில் இல்லை. மாலையில் நான் பள்ளியிலிருந்து வந்து வறுத்த வேர்க்கடலையை ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். எதற்கோ வாய் நிறையச் சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று, இருமல் நின்றதும் மூச்சோடு ஒரு விசில் சத்தம் வரத் தொடங்கியது. எங்கள் தெருமுனை டாக்டர் குழாய் வைத்துப் பார்த்து, கடலை மூச்சுக்குழலுக்குள் இறங்கியிருக்கிறது, ஒரு பக்க நுரையீரலுக்குக் காற்றே போகவில்லை, உடனே வேலூருக்குக் கொண்டுபோங்கள் என்றார். இருந்த இடத்தை விட்டு அது அசைந்தால் மூச்சே அடைத்துவிடும் என்பதை என்னிடம் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார். வேலூர் பஸ் அப்போதுதான் போயிருந்தது. வாடகைக் கார் கல்யாணத்துக்குப் போயிருந்தது. கம்பவுண்டர்தான், "மாட்டு டாக்டர் வந்துட்டாரும்மா, சத்தம் கேட்டுது" என்றார்.

நான் குழந்தையோடு ஓடிப்போய் நின்றபோது அவர் இலைமுன் உட்கார்ந்திருந்தார். சோறு பரிமாறியாகிவிட்டது. அவர் கை இன்னும் இலையைத் தொடவில்லை. ஜன்னலில் மஞ்சள் வெயில் கொஞ்சம் மிச்சமிருந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். அவர் மனைவி இலையை மடித்து எடுத்துவிட்டு, தன் சால்வையைக் கொண்டுவந்து குழந்தையைச் சுற்றினார். டாக்டரே குனிந்து அந்தப் பட்டுக் கயிற்றால் என் பக்கக் கதவை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். "படுக்க வெக்காதீங்க டீச்சர். நிமித்திகினே இருங்க. முதுவுல தட்டவே கூடாது" என்றார்.

அத்தனை தாழ்வாக நான் எந்த வண்டியிலும் உட்கார்ந்ததில்லை. ரோடு கைக்கு எட்டும் தூரத்தில் ஓடியது. மாட்டு வண்டியின் அச்சு என் தலைக்கு நேராக வந்து விலகியது. எஞ்சின் இரைச்சலில் அவள் மூச்சுச் சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று என் காதை அவள் வாயோடு ஒட்டி வைத்திருந்தேன். விசில் கேட்டால் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம். அவர் ஒரு முறைகூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கு முன்பும் "பள்ளம்" என்று சொன்னார், நான் அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணமங்கலத்துக்கு முன்னால் ரோடு முழுவதும் கொள்ளு பரப்பியிருந்தது. அவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. களத்தில் நின்ற ஓர் அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இன்னா டாக்டரே, இந்நேரத்துக்கு வூட்டாண்ட துன்னுகினு இருப்பியே, வடக்கால போற?" என்று கேட்டாள். "கொழந்தைக்கு மூச்சு அடைக்குதும்மா" என்றார் அவர். அவ்வளவுதான். அந்த அம்மாளும் கூட இருந்தவர்களும் வாரும் கவைக்கோலை எடுக்கக்கூட நிற்காமல் முழங்கை வரை கொடியை வாரி இழுத்து ரோட்டோரப் பள்ளத்தில் எறிந்தார்கள். ஒரு நாள் முழுவதும் வண்டிகள் மிதித்து உதிர்ந்த மணி அதோடு போனது. நாங்கள் தாண்டும்போது அந்த அம்மாள் கார்கூடவே பத்தடி ஓடிவந்து, "கண்ண தொறந்துகினுதான் கீது, பயப்படாத போ" என்று என்னிடம் சொன்னாள். மேற்கே பார்த்தபோது சூரியன் இல்லை.

வேலூரில் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கதவை மூடினார்கள். குழாய் விட்டுக் கடலையை எடுக்கும்வரை நான் அந்தக் கதவையே பார்த்திருந்தேன். டாக்டர் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தார். யாரோ இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்தார்கள். அவர் தன் டம்ளரையும் என் பக்கம் நகர்த்திவைத்தார். காலையிலிருந்து ஊர் ஊராய் அலைந்தவர், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. உங்களைப் பட்டினி போட்டுவிட்டேனே என்றேன். "அதுக்கென்ன டீச்சர், நாளைக்கி சூரியன் வராமயா பூடும்?" என்றார்.

வந்தது. ஆனால் விடிந்த பிறகும் அவர் அசையவில்லை. நர்ஸ் வெளியே வந்து, குழந்தை பால் குடித்துவிட்டாள், அம்மாவைக் கேட்கிறாள் என்று சொன்ன பிறகுதான் எழுந்துபோய் வாசலில் இரண்டு வாழைப்பழம் வாங்கி நின்றபடியே தின்றார். ஒன்பது மணிக்குப் படவேட்டில் யாருடைய எருமைக்கோ வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். கிளம்பிவிட்டார்.

பிழைத்த குழந்தை அதை மறந்துவிட்டது. பிழைக்கவைத்தவரும் அதைப் பேசியதில்லை. நான்தான் அங்கேயே நின்றுவிட்டேன். திரும்பிய பக்கமெல்லாம் கடலை குவிந்து கிடக்கும் ஊரில் என் வீட்டுக்குள் இன்றுவரை கடலை வராது. மாலையில் அந்தக் காரின் சத்தம் கேட்டால் மகள் எந்த அறையில் இருக்கிறாள் என்று எழுந்துபோய்ப் பார்ப்பேன். டாக்டர் எத்தனையோ முறை வழியில் நிறுத்தி ஏறச் சொல்லியிருக்கிறார். நடந்தே போய்விடுகிறேன் என்பேன். என் மகளோ அந்தச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவாள்.

இப்போது அவளுக்குப் பத்தொன்பது. வேலூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். கிராமத்துக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்தவில்லை, அவரும் போவதை நிறுத்தவில்லை. கிளட்ச் தகட்டிலிருந்து கூரைக் கித்தான் வரை எல்லாம் மாறிவிட்ட அந்தக் காரும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவருக்குத்தான் கண்ணில் புரை விழுந்து, மாலை மங்கினால் ரோடு தெரிவதில்லை. போன வாரம் ஒரு மாலை காரின் சத்தம் கேட்டு நான் எழுந்தபோது, எதிர்வீட்டு அம்மாள் தெருவிலிருந்தே, "டீச்சர், ஒம் பொண்ணுதான் ஓட்டிகினு போறா, பாக்கலியா?" என்றாள். விடுமுறைக்கு வந்தவள், தோழி வீட்டுக்கு என்று என்னிடம் சொல்லிவிட்டு, மூன்று நாளாக அவரைத் தேவிகாபுரத்துக்கு அழைத்துப்போய் வருகிறாளாம். வேலூரில் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து கார் ஓட்டக் கற்றுக்கொண்டதையே என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் தூங்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

வாசலில் நின்றேன். டாக்டரை அவர் வீட்டில் இறக்கிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி வந்தாள். எஞ்சினை நிறுத்தவில்லை. நான் திட்டுவதற்காக வைத்திருந்த வார்த்தைகளை எல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு குனிந்து இடப்பக்கக் கதவைத் திறந்து, "ஏறும்மா" என்றாள். நான் அசையவில்லை. "நீ அன்னிக்கு என்னைய மடியில வெச்சிகினு போன. நான் ஒன்ன சீட்லதான உக்காரச் சொல்றேன்?" என்றாள்.

"பாலம் வரைக்கும்தான். அங்க திருப்பிடணும்."

"சரி, பாலம் வரைக்கும்."

ஏறினேன். ரோடு அதே தாழ்வில், கைக்கு எட்டும் தூரத்தில் ஓடியது. அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். விடுதிச் சாப்பாடு, அறைத்தோழியின் குறட்டை, ஒரு பேராசிரியையின் நடை என்று மூச்சு விடாமல் பேசினாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி தானாக மெதுவாகியது. நாகநதிப் பாலம் வந்தது. நடுவில் மணலும் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீரும் தெரிந்தன. அவள் வேகத்தைக் குறைத்து, திருப்பட்டுமா என்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் முன்னால் இருந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலத்தைத் தாண்டினோம். திருப்பச் சொல்லவில்லை.