நூம்பல் வீட்டில் கெராபு பிசைந்த நாள்

மலேசியாவில் ஒரு மலாய்க்காரர் வீட்டில் ஏழு வருஷம் சமையல் வேலை பார்த்தவள் நான். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் கெராபு பிசைய, பூந்தமல்லிப் பக்கத்து இந்த நூம்பலில் என்னை விட்டால் ஆளில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், உண்மையும் அதுதான்.

கெராபு அந்த ஊர்ப் பச்சைத்தழைக் கூட்டு. அடுப்பில் வேகாத கூட்டு. வல்லாரை, புதினா, வெள்ளரிப் பிஞ்சு, சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் மயிர்போல அரியணும். சிவக்க வறுத்து இடித்த தேங்காய், பொடித்த காய்ந்த எறா, ஊசி மிளகாய், எலுமிச்சைச் சாறு. அவ்வளவுதான்.

அந்த வீட்டம்மாவை மக்சிக் என்பேன், நாம் அத்தை என்கிற மாதிரி. கரண்டியைத் தொட விடமாட்டாள். கை எரிந்தால்தான் காரம் சரி என்பாள். சாயங்காலம் வரை விரலெல்லாம் எரியும். அவர்களும் நம்மைப் போலக் கையால்தான் சாப்பிடுவார்கள். மழை பெய்கிற மத்தியானத்தில் தரையில் பாய் விரித்து, நானும் அவளும் ஒரே சட்டியில் கைவிட்டு, மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டு முடிப்போம். அந்த மாதிரி வயிறு நிறைந்தது எனக்கு அப்புறம் கொஞ்ச நாள்தான்.

புருஷன் செத்துப்போன பிறகு பன்னிரண்டு வயசுப் பிள்ளையை அக்காளிடம் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அவன் மீசை வைத்துக்கொண்டு அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தான். என் வீட்டில் படுப்பான், அடுத்த தெருவில் அக்காள் வீட்டில் சாப்பிடுவான். அவளைத்தான் அம்மா என்பான். என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டான். ஒரு மாசம் என் கையால் ஒரு வாய் சோறு தின்னவில்லை. என்ன ஆக்கிவைத்தாலும், "துன்னுட்டேன்" என்று போய்விடுவான். நானும் கெஞ்சவில்லை. கெஞ்சுகிற வழக்கம் எனக்கு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி மார்க்கெட்டில் நல்ல வல்லாரை கிடைத்தது. எனக்காகத்தான் கெராபு பிசைந்தேன். சட்டியை மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் வீடெல்லாம் எண்ணெய்ப் புகை. அவன் அடுப்படியில் நிற்கிறான். என் கெராபு மொத்தமும் வாணலியில், கடுகு தாளித்து, சுருண்டு கிடக்கிறது.

"டேய், இன்னாடா பண்ணிவச்சிக்கீற?"

"நீ வதக்க மறந்துட்டு பூட்ட. பச்சயா கெடந்துச்சு."

"அது பச்சயாத்தான்டா துன்னணும்!"

"பச்சயா துன்றதுக்கு நான் இன்னா ஆடா?"

"உன்ன யாரு துன்னச் சொன்னது? உங்க அம்மா ஊட்டுக்குப் போறதுதானே?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் வாணலியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பசிச்சிது. வாசன நல்லா இருந்துச்சு. இப்ப இன்னா, துன்னட்டா, வோணாமா?"

நான் இரண்டு தட்டு எடுத்து வைத்தேன். உட்கார்ந்தான். காரத்தில் கண்ணில் தண்ணீர் வர, சோற்றில் பிசைந்து பிசைந்து தின்றான். மறுசோறு கேட்டான்.

"எப்டிக்கீது?" என்றான், அவனே ஆக்கினவன் மாதிரி.

தழை கறுத்து, எறா தீய்ந்து, வாசனை முக்கால்வாசி போயிருந்தது. அதுவரை என் சமையலில் யார் கை வைத்தாலும் விட்டதில்லை நான்.

"நல்லாக்கீதுடா," என்றேன்.