மதுரைச் சுருட்டு

எங்கள் மாமாவின் கல்யாணப் பேச்சு ஒரு சுருட்டில் போய் மாட்டிக்கொண்டது என்றால், கேட்கிறவர்கள் நான் கதை விடுகிறேன் என்பார்கள். கதை விடுகிற ஆள்தான் நான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுருட்டு என்னுடைய ஜியாமெட்ரி பாக்ஸுக்குள்தான் இருந்தது. காம்பஸுக்கும் ஸ்கேலுக்கும் நடுவில், துணி சுற்றிய குழந்தை மாதிரி.

அப்போது நாங்கள் ஓசூருக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சொந்த ஊர் திருமங்கலம் பக்கம். அப்பாவுக்கு இங்கே கம்பெனி வேலை. அம்மாவின் தம்பியான மாமாவும் எங்களோடு தங்கி இன்னொரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அதே கம்பெனியில் பாகங்களை அளந்து சரிபார்க்கும் பிரிவில் உத்தனப்பள்ளியிலிருந்து ஓர் அக்கா வேலைக்கு வந்தார். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்ததில் ஆரம்பித்ததாம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நாங்கள் தெற்கத்திக்காரர்கள், அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம். ஒருநாள் வந்து பேசச் சொல்லியிருந்தார்கள். வெறுங்கையோடு போக மாமாவுக்கு மனசில்லை.

அந்த அக்கா முன்பே ஒரு துப்பு கொடுத்திருந்தார். "எங்க வீட்ல சுருட்டு பிடிப்பாங்க. அவங்களுக்கு அது ஒண்ணுதான் ஆசை."

மாமாவிடம் சுருட்டு இருந்தது. புது மெஷின் மாட்ட வெளிநாட்டிலிருந்து வந்த இன்ஜினீயர் ஒருவர், கூடமாட நின்று வேலை பார்த்த மாமாவுக்கு ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. என் கட்டைவிரலை விடத் தடிமன். இடுப்பில் பொன்னிறத்தில் ஒரு காகித வளையம். நிறம்தான் விவகாரம்: கன்னங்கரேல் என்று இருந்தது.

அப்பா ஆயுசுக்கும் ஒரு பீடி பிடித்தவர் இல்லை. அதனால் கருத்துச் சொல்லாமல் விட்டுவிடுவாரா? "என்னா மாப்ள, இதுக்கு பூட் பாலிஷ் போட்டு அனுப்பிச்சிருக்காய்ங்களா? நல்ல சுருட்டுன்னா பழுப்பா இருக்கணும். இது வித்துப் போகாத பழைய சரக்கு."

"மோந்து பாருங்க மச்சான். சாக்லேட் வாசம் வருது."

"எனக்கு ஆட்டுக் கொட்டகை வாசந்தான் வருது," என்றாள் அம்மா. "அடுப்பங்கரைப் பக்கம் அத வச்ச, அம்புட்டுத்தான் சொல்லிப்புட்டேன்."

அப்படித்தான் அது என் பாக்ஸுக்குக் குடிவந்தது. எனக்கோ ஒரே ஆச்சரியம். ஒரே பொருள், மூன்று மூக்கு, மூன்று வாசம். யார் சொல்வது சரி? வகுப்பில் மேஜைக்கு அடியில் பாக்ஸைத் திறந்து திறந்து மோந்து பார்த்தேன். ஒருநாள் காய்ந்த திராட்சை வாசம் வந்தது. மறுநாள் புதுச் செருப்பு வாசம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியிடம் நீட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நன்றாக இழுத்து மோந்துவிட்டு, "மழையில நனைஞ்ச நாய்," என்றாள். எனக்கு அதுவும் சரி என்றே பட்டது.

உத்தனப்பள்ளிக்கு நாங்கள் நாலு பேரும் பஸ்ஸில் போனோம். பாக்ஸ் என் மடியில். வீட்டு வாசலில் தக்காளிக் கூடைகள் மார்க்கெட்டுக்குப் போகக் காத்திருந்தன. பெண்ணின் அப்பா வெள்ளை வேட்டியில், எங்களைக் கண்டதும் உண்மையாகவே சந்தோஷப்படுகிற மனிதராக இருந்தார். "வாங்க, வாங்க, உக்காருங்க. பஸ்ல கூட்டமா?" மிக்சர் வந்தது, காப்பி வந்தது. மாமா என் பாக்ஸை வாங்கித் திறந்து, சுருட்டை இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் நீட்டினார்.

"ஃபாரினுங்க."

அவர் பதறிப்போனார். "ஐயையோ, நமக்கு அந்தப் பழக்கமே இல்லீங்களே! அதெல்லாம் அவங்க டிபார்ட்மென்ட்டு," என்று தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

தோட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்தது பெண்ணின் அம்மா. புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கையில் தக்காளிச் செடியின் பச்சைக் கறை. 'பிடிப்பாங்க' என்று மரியாதையாகச் சொன்னால் அது அப்பாவாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? மாமா கேட்கவில்லை, அந்த அக்காவும் விளக்கவில்லை.

அந்த அம்மா கையைக் கழுவித் துடைத்துவிட்டுச் சுருட்டை வாங்கினார். காதோரம் வைத்து உருட்டிப் பார்த்தார். நுனியை லேசாக அழுத்தினார். வெளிச்சத்தில் திருப்பினார். "இது என்னா இத்தினி கருப்பு? சாயம் கீயம் போட்டாங்களா?" என்றார். அப்பா மாமாவை ஒரு பார்வை பார்த்தார்.

"இந்தப் பேப்பர்ல என்னா எழுதிக்கீது? கண்ணு, நீ இங்கிலீஷ் படிக்கிற பொண்ணுதானே, படி பாக்கலாம்."

என்னை நம்பி ஒரு வேலை! முதல் சொல் சுழித்து எழுதியிருந்ததால் அதை விட்டுவிட்டேன். இரண்டாவது பெரிய எழுத்தில் தெளிவாக இருந்தது. எம், ஏ, டி, யூ, ஆர், ஓ. இந்த எழுத்துகள் எனக்குத் தெரியாதா? கோடை விடுமுறைக்குப் போகிற பஸ்ஸின் நெற்றியில் பார்க்கிறதுதானே? கடைசியில் மட்டும் கொஞ்சம் இடித்தது. அச்சடித்தவன் தப்பு என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

"மதுரை!" என்று கத்தினேன்.

பெண்ணின் அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "அட, உங்க ஊரு சரக்குதானா?"

வேறு யாரும் சிரிக்கவில்லை. அம்மாவின் விரல்கள் என் தொடையைத் தேடி வந்து கிள்ளின. சமையலறைக் கதவோரம் நின்றிருந்த அந்த அக்கா தரையைப் பார்த்தார். ஏதோ தப்பாகிவிட்டது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. மதுரைப் பக்கத்து ஆள், மதுரைச் சுருட்டைக் கொண்டுவந்து ஃபாரின் என்கிறான். பெண் கேட்டு வந்த இடத்தில் ஒரு சுருட்டுக்கே பொய் சொல்கிறவனை நம்பி யார் பெண்ணைக் கொடுப்பார்கள்?

"ஏம்பா, நெசத்தச் சொல்லு," என்றார் அந்த அம்மா. "ஃபாரினா? மதுரையா?"

மாமா சத்தியம் பண்ணுவார் என்று நினைத்தேன். அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியலீங்கம்மா. குடுத்தது ஃபாரின் இன்ஜினீயர்தான். குடுக்கும்போது 'சீப், பட் குட்'டுன்னு சொன்னாரு. நான் எங்க வீட்ல 'குட்'டை மட்டும்தான் சொன்னேன்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அம்மா எழுந்து வெளியே போனார். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, நுனியைக் கடித்துத் துப்பிவிட்டுப் பற்ற வைத்தார். பீடி பிடிக்கிறவர்களைப் போல அவசரம் இல்லை. ஓர் இழுப்பு, பிறகு தோட்டத்தை ஒரு பார்வை, பிறகு இன்னோர் இழுப்பு. உள்ளே பெரியவர்கள் மிக்சரைப் பற்றிப் பேசுவதுபோல் பாவனை செய்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, வாசற்படிக்கு நகர்ந்துவிட்டேன். பாதி வந்ததும் அந்த அம்மா சுருட்டைக் கல்லில் மெல்ல அழுத்தி அணைத்தார். உள்ளே வரும்போது கணவரிடம் தெலுங்கில் தணிந்த குரலில் என்னவோ சொன்னார். எங்களிடம் தமிழில், "பாத்துட்டு சொல்றோங்க," என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சண்டை.

"லேதுன்னு சொல்லுச்சு. என் காதால கேட்டேன்," என்றார் அப்பா. "ஓசூர் வந்து நான் கத்துக்கிட்ட ஒரே தெலுங்கு அதான். லேதுன்னா இல்ல."

"'பர்வாலேது'ன்னாலும் லேதுதான் வரும் மச்சான். பரவாயில்லன்னு அர்த்தம்."

"நல்லா இல்லன்னு சொல்ல என்னா சொல்லுவாய்ங்க?"

மாமா கொஞ்சம் தயங்கி, "பாகலேது," என்றார்.

"பாத்தியா!"

"ஏங்க, நம்ம பரவாயில்லைக்குள்ளயும் ஒரு இல்லை ஒக்காந்துதான இருக்கு?" என்று அம்மா தம்பிக்குக் கை கொடுத்தாள்.

"அதெல்லாம் கெடக்கட்டும். பிடிச்சிருந்தா முழுசாப் பிடிச்சிருக்கும்ல? அந்தம்மா பாதியில அணைச்சிருச்சே, அதுக்கு என்னா சொல்றீக?"

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மதுரைக்குப் பிறகு நானும் வாயைத் திறப்பதாக இல்லை.

அந்த வாரம் அந்த அக்கா வேலைக்கு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. மாமா சோற்றில் கோலம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்பாவே இரக்கப்பட்டு, "சாக்லேட் வாசம் லேசா வரத்தான் செஞ்சுச்சு மாப்ள," என்று ஒரு ராத்திரி இறங்கி வந்தார். காலம் கடந்த சான்றிதழ்.

ஞாயிற்றுக்கிழமை காலை யாரோ கதவைத் தட்டினார்கள். நான்தான் திறந்தேன். ஒரு பை தக்காளியோடு அந்த அம்மா, பின்னால் அவர் கணவர். பெரியவர்களை விசாரிப்பதற்கு முன்னால் அந்த அம்மா என்னிடம் குனிந்து கேட்டார்: "கண்ணு, அந்த மதுரைச் சுருட்டு இன்னொண்ணு கீதா?"

அந்த அக்கா எனக்கு அத்தையானார். அவர் அம்மாவிடம் எனக்கு இன்றைக்கும் பெயர் 'மதுரை' தான்.

ரொம்ப வருஷம் கழித்து ஒருநாள் போனில் தேடிப் பார்த்தேன். மதுரோ. ஸ்பானிஷ் மொழியில் பழுத்தது, முதிர்ந்தது என்று அர்த்தமாம். இலையை நிறைய நாள் போட்டுப் பக்குவப்படுத்தினால் அந்தக் கருப்பு வருமாம், பாலிஷ் இல்லை. வளையத்தின் சுழித்த எழுத்து எனக்கு இன்னும் கண்ணில் நின்றதால் அந்த ரகத்தையும் கண்டுபிடித்துவிட்டேன். விலை மலிவான சுருட்டுதான். அதற்கு அடியில் ஊர் உலகத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் அபிப்பிராயம் எழுதியிருந்தார்கள். ஒருவர் சாக்லேட் என்கிறார், ஒருவர் தொழுவம் என்கிறார், ஒருவர் இந்த விலைக்குப் பரவாயில்லை என்கிறார். எங்கள் பஸ் சண்டை அங்கே இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அந்த பஸ்ஸில் சண்டையை முடித்திருக்கக் கூடியவள் நான் ஒருத்திதான். வாசற்படியில் நின்று நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அந்த அம்மா அணைத்த பாதிச் சுருட்டின் நுனியிலிருந்த சாம்பலை ஊதினார். ஒரு வெற்றிலையைக் கிழித்து அதில் பதமாகச் சுற்றினார். சட்டைப் பையில் போட்டு, பையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

சாக்லேட் காகிதத்தைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, குப்பைத் தொட்டி வரும்வரை பையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வாரம்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எவ்வளவு நல்ல பழக்கம் இந்த அம்மாவுக்கு என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.